குன்றைப் பார்த்து நிற்கும் மாடுகள்

அன்புள்ள அண்ணா,

ஹராரேயில் கல்யாணத் துணி எடுக்க அலைந்துகொண்டிருப்பாய். இந்த நேரத்தில் எழுதித் தொந்தரவு செய்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நல்ல மழை. சோளம் இடுப்பளவு வந்துவிட்டது. என்னைப் பெண் கேட்டுக் கடைக்கார முசோன்சா கொடுத்த மாடுகளும் நம் பட்டிக்கு வந்துவிட்டன. "பட்டதாரிப் பொண்ணுன்னு ரெண்டு மாடு கூடவே குடுத்திருக்கான்யா!" என்று அப்பா ஊரெல்லாம் சொல்கிறார்.

அவர்கள் பெண் கேட்டு வந்த அன்று அத்தை எல்லார் முன்னாலும், "இவரத் தெரியுமாடி? மாட்ட வாங்கிக்கலாமா?" என்று கேட்டாள். அவருக்கு நம் அப்பா வயது. நான் தரையைப் பார்த்தேன். "வெக்கத்தப் பாரு! வாங்கிக்குங்க" என்று அத்தை சிரித்தாள். உடனே குலவையிட்டுவிட்டார்கள்.

மாடுகள் இன்னும் பழகவில்லை. சாயங்காலமானால் பாறைக்குன்றுக்கு அப்பால் இருக்கும் அவர் ஊரைப் பார்த்தே நிற்கின்றன. "நாலு நாள்ல மறந்துடும்" என்கிறார் அப்பா, என்னைப் பார்த்து.

வழக்கப்படி, எனக்கு வந்த அந்த மாடுகளை உனக்குப் பெண் எடுக்க ருவிம்போ வீட்டில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப்போகிறார்களாம். போய்விட்டால், முசோன்சாவுக்குத் திருப்பிக் கொடுக்க நம்மிடம் வேறு மாடில்லை.

ருவிம்போவை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். தெரிந்தும் கேட்கிறேன் அண்ணா. உன் கல்யாணத்தைத் தள்ளிப்போடு.

உன் தங்கை