ஓடைக்குப் போகும் பாதை

ஒக்டோபர் 14, செவ்வாய்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் ஒன்றும் கட்டுவதில்லை, அதைக் காடாகவே விடுவது என்று நகரசபை இன்று தீர்மானித்தது. எல்லோரோடும் நானும் கைதட்டினேன்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது எங்கள் தமிழ்க் கவுன்சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அன்ரி, இனி ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது. நடைபாதையையும் மூடுறம். உதுதானே நீங்கள் கேட்டது."

"ஓம்" என்றேன்.

மகனின் அஸ்தியை அந்தக் காட்டு ஓடையில்தான் கரைத்தோம். அவனுடைய ஒவ்வொரு திவசத்துக்கும் அங்கேதான் போய் நிற்பேன். அதன்மேல் வீடுகள் வந்துவிடக் கூடாதென்றுதான் கதவு கதவாகத் தட்டிக் கையெழுத்து வாங்கினேன். கேட்டவர்களிடம் மான், பறவை என்று சொன்னேன். அவனைச் சொல்லவில்லை.

சமையலறை யன்னலில் நின்று பார்த்தேன். மரங்கள் தெரிகின்றன. ஓடை தெரியவில்லை.