மேல்வரிசைக் கொடிகள்

1938 கோடை. விழுப்புரத்தில் மகள் தெரேசுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதென்று சவுரியம்மாளிடம் ஆள் வந்து சொன்னான். அவள் கணவன் அந்தோணிசாமி திராட்சைத் தோட்டத்தில் வற்றிய கிணற்றைத் தோண்டப் போயிருந்தான். எந்தக் கொடிக்குத் தண்ணீர் விடுவதென்று காலையில் போட்ட சண்டையிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. திண்டிவனத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும். சவுரியம்மாள் சீட்டெழுதிக் கூழ்ப்பானைமேல் வைத்தாள்.

"தெரேசு அப்பா, தெரேசுக்கு வலியாம், போறேன். கூழு பானையில இருக்குது. இருக்கிற தண்ணிய எல்லாக் கொடிக்கும் பிரிச்சு ஊத்தினா ஒண்ணும் பொழைக்காது. கீழ்வரிசைக்கு மட்டும் சாயந்தரமா வேர்ல ஊத்தி, காஞ்ச மல்லாட்டைச் செடியால மூடுங்க. மேல்வரிசைய உட்டுடுங்க. தெரேசு பொறந்த வருஷம் நீங்க வெச்ச கொடிங்கன்னு தெரியும். எனக்கு வேற வழி தெரியல."

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"மனசு கேக்கலன்னா மேல்வரிசைக்கும் ஊத்துங்க. தனியா உக்காந்துக்கினு அழாதீங்க."