அக்கா பெயரில் ஏழு வருடம்

மே 3, சனி. ராஜபாளையம்.
ஷார்ஜா பள்ளிக்கூடத்திலிருந்து படிவம் வந்துவிட்டது. ஆசிரியர்களுக்கான மருத்துவக் காப்பீடு. பதினொன்றாவது கேள்வி: தொடர்ந்து மருந்து எடுத்துக்கொள்ளும் நோய் ஏதும் உண்டா?
உண்டு. வலிப்பு. பதினேழு வயதிலிருந்து காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. கடைசியாக விழுந்து மூன்று வருடமாகிறது.
இத்தனையையும் எழுத ஒரே ஒரு சின்னக் கட்டம் விட்டிருக்கிறார்கள்.

மே 5, திங்கள்.
இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஹபீப் ரகுமான் மாமாவிடம் காட்டச் சொன்னாள் அம்மா. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர் கடை. படிவத்தை விரிப்பதற்குள் பேனாவை எடுத்துவிட்டார்.
"இல்லைன்னு டிக் போட்டுரு. சோலி முடிஞ்சுது."
"அங்க போயி விழுந்துட்டேன்னா?"
"விழுறதுக்கா போற? வாயக் கழுவு."
கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். நோயை மறைத்தது தெரிந்தால் எந்தச் செலவையும் தர மாட்டார்கள், காப்பீடே ரத்து.
"ஏட்டி, இருபது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். கடைசிப் பக்கத்த நானே படிச்சதில்ல."
பெருமையாகச் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை. பாதி ஊர் இவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

மே 6.
'உண்டு' என்று போட்டு அனுப்பினேன். மதியமே பதில். டாக்டர் அறிக்கை வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே.
அங்கேதான் இருக்கிறது சிக்கல்.

மே 7, புதன்.
ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் என் பெயரில் ஒரு காகிதம் கிடையாது. ஏழு வருடமாக அங்கே நான் நாஜியா. பெரியம்மா மகள். முதல் நாள் சீட்டுப் போடும் இடத்தில் அக்காவின் பெயர், வயது, அவள் கணவர் பெயர், தெரு எல்லாவற்றையும் அம்மா தடுமாறாமல் சொன்னாள். எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது யாரும் விசாரித்துவிடக் கூடாது. அக்காவுக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது. கல்யாணமானவள் பெயருக்கு ஆபத்தில்லை என்று கணக்கு.
இன்று டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
"ஏழு வருசமா நான் யாருக்கும்மா வைத்தியம் பாத்தேன்?"
பழைய ஃபைலில் பெயரை மாற்ற மாட்டாராம். அக்கா நேரில் வர வேண்டும். இரண்டு பேரும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் புதிதாக டெஸ்ட் எடுத்துவிட்டு அறிக்கை தருவார்.
அவர் கோபம் நியாயமானது. அதனாலேயே இன்னும் எரிந்தது.

மே 8.
அம்மாவிடம் கத்திவிட்டேன்.
"ஒனக்கு ஒரு வாழ்க்கை அமையணும்னுதானட்டி செஞ்சேன்."
"அதுக்கு அக்கா பேரா கெடைச்சுது?"
"அவ கட்டிக் கொடுத்தவ. அவ பேருக்கு என்ன வந்துரப் போகுது? வெறும் எழுத்துதான."
பெரியம்மாவுக்குத் தெரியுமா? தெரியுமாம். அக்காவுக்கு? அம்மா அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.
அவளிடம் கேட்கவே இல்லை!
நான் கேட்டேனா? ஏழு வருடத்தில் ஒரு நாள்? எம்.ஏ. வரை படித்தவள். பெண்ணின் பெயர், அடையாளம் என்று நாற்பது பக்கம் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியவள். தூ.

மே 9.
மாத்திரை மட்டும்தான் உள்ளே போனது.

மே 11, ஞாயிறு.
அக்கா வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் மடித்துக்கொண்டிருந்தாள்.
பிறகு அவள் சொன்னாள். போன வருடம் அதே ஆஸ்பத்திரியில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரவில்லை. அவள் பெயரில் பழைய ஃபைல் இருந்ததாம். வலிப்பு நோய், ஆறு வருட சிகிச்சை, மறைக்கப்பட்டது. பெயர், தெரு, கணவர் பெயர் எல்லாம் பொருந்திவிட்டன. 'எனக்கு அந்த நோயே கிடையாது' என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவள் கணவர் அனஸ் மச்சானும்.
"'சீக்காளிய மறைச்சு என் தலையில கட்டிட்டாக'ன்னு வாரவுக போறவுககிட்டயெல்லாம் சொல்லுதாக. ஒரு வருசமாக் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துருச்சுட்டி. தூக்கத்துல எனக்கு வருதோன்னு."
என்னால் நிமிர முடியவில்லை. "மன்னிச்சிரு, அக்கா" என்றேன்.
"வாயில நல்லா வருது. போயிரு."
வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல்.
"புதன்கிழம வாரேன். எனக்காக வாரேன். ஒனக்காக இல்ல."

மே 12.
யார் மேல் கோபம்? அம்மா மேல் என்று எழுதினால் சுலபமாக முடிந்துவிடும்.

மே 14, புதன். ஸ்ரீவில்லிபுத்தூர்.
ஆதார் அட்டைகளை அடுத்தடுத்து வைத்து டாக்டர் இரண்டு முகங்களையும் பார்த்தார். நடந்ததை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். எனக்கு டெஸ்ட் எடுத்து என் பெயரில் அறிக்கை. 'இவருக்கு வலிப்பு நோய் இருந்ததே இல்லை' என்று அக்காவுக்கு ஒரு கடிதம். அக்கா அதை அங்கேயே நின்று இரண்டு தடவை படித்தாள்.
திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலி. நின்றுகொண்டே வந்தாள்.

மே 21.
பள்ளியின் பதில். வேலை உறுதி. வலிப்புக்கான செலவு முதல் ஆறு மாதம் என்னுடையது. பிறகு காப்பீடு தரும். மற்ற எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு.
அவ்வளவுதான்! இதற்கா ஏழு வருடம்?
ஹபீப் மாமாவுக்கு அதிர்ச்சி. "சொன்ன பொறவுமா எடுத்துக்கிட்டான்?"

ஜூன் 7, பக்ரீத்.
அக்கா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பெரியம்மா போனில் சொன்னாள். அனஸ் மச்சான் கடிதத்தைப் படித்துவிட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாராம். ஒரு வார்த்தை கிடையாது. ஊர் முழுக்கச் சொல்ல இருந்த வாய். அக்காவின் ஆபரேஷன் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி மறுபடி பரிசீலிக்கிறதாம்.
என்னைப் பெண் கேட்டிருந்த மம்சாபுரத்துக்காரர்கள் விஷயம் தெரிந்து பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். "இப்ப நிம்மதியா?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். பொய்யில்லை.

ஜூன் 12, வியாழன்.
நாளை மறுநாள் விமானம். மூன்று மாத மாத்திரை வாங்க அம்மாவும் உடன் வந்தாள். நான் கூப்பிடவில்லை. மெடிக்கலில் சாயங்காலக் கூட்டம். பின்னால் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர்.
"பில்லு யார் பேருக்கு?" கடைக்காரர் கேட்டார்.
நான் வாய் திறக்குமுன் அம்மா சொன்னாள். "ரிஸ்வானா. எம் மக. வலிப்புக்கு." குரலைத் தாழ்த்தவில்லை.
நன்றி சொல்லத் தோன்றவில்லை. பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.
அக்காவுக்குப் போன் செய்தேன். முழுதும் அடித்து ஓய்ந்தது.