பின்னச்சில் போட்ட பூட்டு

இன்று காலை பட்டறையில் நம் பிக்கப்பைத் தூக்கி நிறுத்தி, பின்னச்சின் அடியில் இருக்கும் திருகைக் கழற்றினார்கள். கருத்த எண்ணெய் ஒழுகித் தட்டில் விழுந்தது. கந்தகமும் காய்ந்த இரும்பும் கலந்த அந்த நாற்றம் வந்ததும், பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கவுண்டரே, உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த நாற்றம். எத்தனை முறை துவைத்தாலும் போகவில்லை என்று உங்கள் வீட்டில் குறைப்பட்டுக்கொண்டது நினைவிருக்கிறது.

"மலை மேல எல்லா ரோடும் தார் ஆயிருச்சுங்களே பாய். இந்த லாக் இனி எதுக்குங்க? கழட்டிப் போட்டுட்டு சாதாரணமா மாட்டிரட்டுங்களா?" என்று மெக்கானிக் கேட்டார். இருக்கட்டும் என்றேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை, எனக்கும் விளக்கத் தெம்பில்லை. இப்போதெல்லாம் எதற்கும் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் சும்மா கிடந்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூற்றேழில் நாம் இருவரும் சேர்ந்து அந்த வண்டியை வாங்கினோம். எனக்கு அடிவாரத்தில் மிளகும் பலாவும் வாங்கி விற்கும் வியாபாரம். உங்களுக்கு மலைமேல் பெரக்கரை நாட்டில் கொஞ்சம் மிளகுக் கொடியும் மரவள்ளிக் காடும். ஓட்டுவது நீங்கள், பக்கத்தில் உட்கார்ந்து வருவது நான். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. நீங்கள் என்னைப் பாய் என்றீர்கள், நான் உங்களைக் கவுண்டரே என்றேன். சண்டை வந்தபோதும் இருவரும் 'ங்க' போடாமல் பேசியதில்லை.

தார் ரோட்டில் வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. உங்கள் ஊருக்குப் பிரியும் மண்பாதையில்தான் வினை. மழைக்காலத்தில் பின்சக்கரம் ஒன்று சேற்றில் இறங்கினால் அது மட்டும் வெறுமனே சுழலும், கெட்டித் தரையில் இருக்கும் மற்றது அசையாமல் நிற்கும். இஞ்சினின் பலமெல்லாம் சேற்றுக்குள் போய்விடும். "ஒரு காலு ஓடுது, ஒரு காலு தூங்குது" என்பீர்கள்.

அந்த ஐப்பசியில் உங்கள் தங்கைக்கு வலி எடுத்தது. அவளைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு கிளம்பினோம். ஓடைச் சரிவில் வண்டி இறங்கி நின்றது. கல் போட்டோம், தழை போட்டோம், ஆட்களைக் கூட்டித் தள்ளினோம். கடைசியில் கம்பில் போர்வையைக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆஸ்பத்திரி சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தங்கை பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள். உட்காரக்கூட இல்லை. "பாய், ரெண்டு சக்கரமும் சேந்து சுத்தற மாதிரி பின்னாடி லாக் போடணுங்க" என்றீர்கள்.

சேலத்தில் பழைய சாமான் கடையில் நமக்கு இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று தானாகப் பூட்டிக்கொள்வது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இரு சக்கரமும் சேர்ந்து சுற்றும், வளைவில் தானே விட்டுவிடும் என்றார் கடைக்காரர். மற்றது கையால் பூட்டுவது. ஓட்டுபவரின் இடது கைப்பக்கம் ஒரு லீவர் இருக்கும். சிக்கினால் இழுக்க வேண்டும், வெளியே வந்ததும் விட்டுவிட வேண்டும்.

நீங்கள் லீவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "நம்ம மலைப்பாதை எழுபது வளைவுங்க. திரும்பறப்போ உள்பக்கச் சக்கரம் மெதுவா சுத்தோணும், வெளிப்பக்கம் வேகமா சுத்தோணும். ரெண்டையும் கட்டிப் போட்டா வண்டி நேராப் போகத்தான் பாக்கும்."

"அதுதான் தானா விட்டுருமுங்கறாரே" என்றேன்.

"அது உடறப்பத்தான் உடும். நம்ம கையில இல்லீங்களே."

நான் கேட்கவில்லை. அவசரத்தில் லீவரை இழுக்க மறந்தால் என்ன செய்வது, கம்பி துருப்பிடித்தால் என்ன செய்வது என்று அடுக்கினேன். உங்கள் தங்கையின் பெயரையும் இழுத்தேன். நீங்கள் லீவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டீர்கள். தானாகப் பூட்டும் லாக்கையே மாட்டினோம்.

சேற்றில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஓடைச் சரிவில் நிற்காமல் ஏறியபோது நான் சந்தையில் பெருமை பேசினேன். "வளைவுல வாலு ஒதைக்குதுங்க பாய்" என்று இரண்டு முறை சொன்னீர்கள். பழகிவிடும் என்றேன்.

பலா ஏற்றிக்கொண்டு தூறலில் இறங்கிய அந்த மத்தியானம் நினைவில் அப்படியே இருக்கிறது. கியரிலேயே பிடித்து மெதுவாகத்தான் இறங்கினீர்கள். ஒரு வளைவில் பூட்டு விடவில்லை; ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தும் வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்ப் பள்ளத்தோரச் சுவரில் மோதி, முன்சக்கரம் ஒன்று வெளியே தொங்க நின்றது. பலாப்பழங்கள் கீழே காட்டுக்குள் உருண்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் இடது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது.

போலீஸ் வந்தது. "டிரைவர் நீதானா? வேகமா வந்தியா?" என்று கேட்டார்கள். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "என் தப்புதானுங்க" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பின்னச்சில் என்ன இருக்கிறது, அதை யார் மாட்டச் சொன்னது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வருடம் அரியூர் நாட்டு ஊர்களில் சிலர் மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டார்கள். கவனமில்லாத டிரைவர் என்று உங்கள் காதுபடவே பேசினார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த அன்று நீங்களே கேட்டீர்கள். "இப்பவாச்சும் கையில புடிக்கறதப் போடலாமுங்களா?"

போட்டோம். ஆனால் உங்கள் இடது கையில் பிடி போய்விட்டது. கியரை உள்ளங்கையால் தள்ளிச் சமாளித்தீர்கள். அந்த லீவரை மட்டும் இறுக்கிப் பிடித்து இழுக்க முடியவில்லை. அதனால் அது என் வேலையாயிற்று. சேறு வந்தால் "இழுங்க பாய்" என்பீர்கள். தாண்டியதும் "உடுங்க" என்பீர்கள். அந்த இரண்டு சொல்லுக்கு இடையில் நான் மூச்சுக்கூட விட்டதில்லை. எத்தனை மழைக்காலம் அப்படி ஓட்டினோம். மறுபடி வலி எடுத்தபோது தங்கையை அதே ஓடைச் சரிவு வழியாகத்தான் கொண்டுபோனோம். நீங்கள் சொன்னீர்கள், நான் இழுத்தேன், வண்டி முனகிக்கொண்டே ஏறியது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நீங்கள் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தீர்கள்.

உங்கள் சிறுநீரகம் கெட்டு நாமக்கல்லில் படுத்திருந்தபோது இரண்டு முறை வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் மிளகு காய்ப்பைப் பற்றிப் பேசினீர்கள், வண்டிக்கு ஆயில் மாற்றச் சொன்னீர்கள். அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு மேலே வந்தேன். சாப்பாடு முடிந்து உங்கள் பங்காளிகள் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். "அன்னைக்கு வண்டி மோதினது அவர் தப்பில்லீங்க. அவர் வேண்டாம்னு சொன்னத நாந்தான் மாட்ட வெச்சேன்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்னைக்கு மோதுச்சுங்க பாய்?" என்றார் ஒருவர். இன்னொருவருக்கு ஏதோ லேசாக நினைவு வந்தது, அதுவும் வேறு ஒரு லாரியைப் பற்றி. இத்தனை வருடம் நான் சுமந்து போனதை இறக்கி வைக்க அங்கே ஆளில்லை.

கிளம்பும்போது உங்கள் தங்கை வேலி வரைக்கும் வந்தாள். பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

"அண்ணன் எங்கிட்டச் சொல்லீருக்குதுங்க. அப்பவே சொல்லுச்சு."

"என்னம்மா சொன்னாரு?" என்றேன்.

"பாய்க்கு அது உள்ளுக்குள்ள உறுத்தீட்டே இருக்கும், நீ ஒருநாளும் கேட்டுறாதேன்னுச்சு. அதான் நானும் கேக்கலீங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலை இறங்கினேன். என் மௌனம் என்னை உறுத்துவதை நீங்கள் அறிந்திருந்தீர்கள். அறிந்துகொண்டே அத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினீர்கள், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று தினமும் கேட்டீர்கள். குற்றத்தையாவது யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். நீங்கள் காட்டிய இந்த இரக்கத்தை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, கவுண்டரே.