சாவி வாங்குமுன் அம்மா சொன்னது

அன்புள்ள யாமினி அக்காவுக்கும், யாரும் ஒரு கேள்வியும் கேட்காமல் உன் வயிற்றில் குடியேறிவிட்ட அதிர்ஷ்டசாலிக்கும், தம்பி புகழ்வேந்தன் எழுதுவது. மாமாவுக்கு வணக்கம். போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய். அதனால்தான் கடிதம்.

காலனியில் நம் வீட்டை இடித்தாயிற்று. அரசாங்கப் பணத்தில் புதுவீடு எழும்பும்வரை சித்தி வீட்டில் ஒண்டியிருந்தோம். எட்டுப் பேருக்கு ஒரே ஃபேன்; காற்று சுழற்சி முறையில் வரும். பிரசவத்துக்கு நீ வருவதற்குள் வாடகை வீடு பிடித்தாக வேண்டும் என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மதகடிப்பட்டு முழுக்க அலைந்தாள்.

வீடு பார்க்கப் போனால் வீட்டை நாம் பார்ப்பதில்லை அக்கா, வீட்டுக்காரர்கள்தான் நம்மைப் பார்க்கிறார்கள். சாதி என்ன என்று யாரும் கேட்பதில்லை. "எந்தத் தெரு? குலதெய்வம் எது?" என்று மரியாதையாகச் சுற்றி வளைப்பார்கள். பதில் சொன்னதும், "அடடா, எங்க மச்சான் குடிவராரே!" மூன்று வீட்டிலும் மச்சான் வந்துவிட்டார். பாவம், ஊரெல்லாம் வீடு இல்லாத மச்சான்கள்.

நாலாவது, ஹார்டுவேர் கடை மகாலட்சுமி அம்மாவின் மாடி வீடு. அவரும் குலதெய்வத்தைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "வாடகையம்மன் ஆன்ட்டி. மாசாமாசம் அஞ்சாந்தேதி உங்க வூட்டுக்கே வந்துடுவா" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. "இன்னா வாய்டா உனக்கு!" என்று சாவியை நீட்டினார்.

வாங்கப் போன என் கையை அம்மா தட்டிவிட்டாள். "நாங்க காலனிமா. தெரிஞ்சே குடுங்க. அப்பறம் யாராவது சொன்னாங்கன்னு புள்ளத்தாச்சிய தெருவுல நிறுத்திடாதீங்க."

மகாலட்சுமி அம்மா திரும்பி எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார். இதோ மச்சான் வரப்போகிறார் என்று நினைத்தேன்.

"பாத்ரூம் கதவு சரியா சாத்தாது. மாசமா இருக்கற பொண்ணு சிரமப்படும். ஆள வச்சி சரிபண்ணித் தரேன்" என்று அம்மா கையில் சாவியை வைத்தார்.

திரும்பும்போது, 'ஏன் சொன்னாய், கெட்டுப்போயிருக்குமே' என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். அப்போதுதான் சொன்னாள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது வில்லியனூரில் சொல்லாமல் குடிபோனார்களாம். தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் பாத்திரத்தையெல்லாம் மழையில் எடுத்து வைத்துவிட்டார்களாம். காய்ச்சலோடு உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றாளாம். நான் வாயை மூடிக்கொண்டேன். நம்பு.

ஞாயிற்றுக்கிழமை குடிவந்துவிட்டோம். எதிர்வீட்டுக்காரர் முறைக்கிறார். நான் தினமும் வணக்கம் வைக்கிறேன். வேறு வழியில்லாமல் அவரும் வைக்கிறார். ஆனால் அம்மாதான் இன்னும் மெதுவாகவே பேசுகிறாள். மிக்சி போடக்கூடப் பயப்படுகிறாள்.

அதனால் ஒன்று செய் அக்கா. ஆட்டோவில் வந்து இறங்கியதும் கேட்டிலேயே நின்று, "டேய் புகழு, பொட்டிய வந்து தூக்குடா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்து. அம்மாவுக்குக் கேட்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
புகழ்வேந்தன்