கேளாட்டிலும் சொல்லு

ரொறன்ரோ
10.11.1991

அன்பின் தேவகுமாரிக்கு,

கர்த்தர் கிருபையாலை நான் சுகம். உனக்கு இழுப்பு எப்பிடி? மாமி நேரத்துக்குச் சாப்பிடுறாவோ?

சனிக்கிழமையளிலை இஞ்சை ஒரு வீட்டுத் தரகரோடை போறன். வாங்க வாற எங்கடை ஆக்களுக்கு அவர் சொல்லுறதைத் தமிழிலை சொல்லுறதுதான் வேலை. அயலட்டையிலை என்ன சமயம், எந்தச் சனம் எண்டு இஞ்சத்தைச் சட்டப்படி அவர் வாய் திறக்கக்கூடாதாம். ஊரிலை எங்கடை தரகர்மார் முதல் சொல்லுறதே அதுதானே. போன கிழமை உடுப்பிட்டி மனிசி ஒண்டு, "தம்பி, இந்த வீட்டிலை ஆரும் செத்திருக்கினமோ?" எண்டு கேட்டுது. தரகரிட்டைக் கேட்டன். தான் அதைக் கதைக்கேலாதெண்டார். மனிசி உடனை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கிட்டுது. எனக்குச் சிரிப்பு வந்தது.

அறைக்கு வந்தால் உன்ரை கடிதம் கிடக்குது. ஷெல்லடிக்குள்ளை சேமக்காலைக்குக் கொண்டுபோகேலாமல் செத்துப்போன எங்கடை மகள் வினிபிரட்டை வளவுக்குள்ளை தாட்டதை, வீடு பாக்க வாறவைக்குச் சொல்லவேண்டாம் எண்டு தரகர் ஏரம்பர் சொன்னாராம். சொன்னால் ஒருத்தரும் வாங்காயினம். விக்காட்டில் நீ இஞ்சை வந்து சேரமாட்டாய். எனக்கும் தெரியும்.

எண்டாலும் சொல்லு. அவை கேளாட்டிலும் சொல்லு. தெரியாமல் அதிலை அத்திவாரம் வெட்டிப்போடுவினம்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒரு கடதாசியிலை வளவைக் கீறி, கிணத்தடியிலையிருந்து எத்தினை அடியிலை பிள்ளை கிடக்கிறாள் எண்டு குறிச்சு அனுப்பு. தேப்பன் எனக்கு அந்த இடம் தெரியாது.

உன்ரை
கிருபைரட்ணம்