ஆனைமலையில் அரைத்த மிளகாய்

பாசமுள்ள ராசு அண்ணனுக்கு,

இன்று காலையில் மிக்ஸி ஜாரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். சட்னியில் உப்புக் குறைவு என்று என் வீட்டுக்காரர் சொன்னார், அவ்வளவுதான். ஜார் அவர் காதை உரசிக்கொண்டு போனது. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் மண்டை பிளந்திருக்கும். மனுசன் துணியை எடுத்துவந்து சுவரைத் துடைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

வயிற்றுக்காக நான் இப்போது போடுகிற ஸ்டீராய்டு மாத்திரை அப்படித்தான் கோபத்தைக் கிளப்பும் என்று டாக்டரம்மா சொல்கிறார். இருக்கட்டும். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது அண்ணா. நீங்கள் இப்போது எழுந்துவந்து என் முன்னால் நின்றால், கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அண்ணா, நீங்கள் என் கூடப்பிறந்தவர் இல்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றுகிற நாற்காலியில் எனக்குக் கிடைத்த அண்ணன். நீங்கள் மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் எடை போடுகிறவர். நான் சூலூரில் தறி ஓட்டுகிறவள். உங்கள் குதிகாலில் கருப்பு. முள் தைத்த தழும்பு என்று ஒரு வருசம் சும்மா விட்டீர்கள். எனக்குக் கால் கட்டைவிரல் நகத்துக்குள் கருப்பு. தறிச் சாமான் விழுந்து ரத்தம் கட்டியது என்று நானும் விட்டேன். மெலனோமா, தோலில் வரும் புற்றுநோய், என்ற பேரைக் கேட்கிறபோது இரண்டு பேருக்கும் அது நுரையீரல் வரை ஏறியிருந்தது.

முதல் நாள் டாக்டரம்மா நமக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நம்ம ஒடம்புல காவலுக்கு ஒரு நாய் இருக்குதுன்னு வெச்சுக்கங்க. இந்த நோய் அதைக் கட்டிப்போட்டிருக்குது. நாங்க ஏத்தற மருந்து கட்டை அவுத்து உட்டுரும். ஆனா அது சில சமயம் ஊட்டுக்காரங்களையே கடிக்குமுங்க. தோலு, வயிறு, ஈரலு, எங்க கடிச்சாலும் அன்னைக்கே எனக்குச் சொல்லிப்போடோணும்."

"கடிச்சாக் கடிக்கட்டுங்க டாக்டரம்மா, திருடனைப் புடிச்சாச் செரி" என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கடித்தது. என்னை முதலில் தோலில் கடித்தது. தோலுக்கு அடியில் நெருப்பெறும்பு ஊறுகிற அரிப்பு. நகம் போதாமல் சீப்பால் சொறிந்தேன், சீப்பு போதாமல் பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருளை எடுத்தேன். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தால் தோலும் கூடவே வந்தது.

உங்களை வயிற்றில் கடித்தது. நான்காவது தடவை மருந்து ஏற்றப் போன அன்று என் காதோரம் குனிந்தீர்கள். "கண்ணு, நாளுக்குப் பதினாலு தடவை போகுது. ரத்தமாப் போகுது. ஊட்டுல மண்டிச் சோறு ஒத்துக்கலைன்னு சொல்லிவெச்சிருக்கறேன். டாக்டரம்மாகிட்ட மூச்சு உட்டுராத. மருந்தை நிறுத்திப்போடுவாங்க. ஸ்கேன்ல கட்டி பாதியாக் கொறைஞ்சிருக்குது, இப்ப நிறுத்தினா நான் செத்தேன்." என் கையை இழுத்து உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்கள்.

டாக்டரம்மா வந்து வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார். "நல்லா இருக்குதுங்க" என்றீர்கள். எவ்வளவு மரியாதை, எவ்வளவு பணிவு! குடல் கிழிந்துகொண்டிருக்கிறது, கூடவே ஒரு 'ங்க'. அவருக்குச் சந்தேகம் வந்து என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான சாப்பிடறீங்க? அண்ணன் எளைச்ச மாதிரித் தெரியுதே. நல்லாச் சாப்பிடறாரா?"

"நல்லாச் சாப்பிடறாருங்க" என்றேன் நான்.

பத்தாம் நாள் குடல் ஓட்டையாகிச் செத்துப்போனீர்கள்.

உங்கள் காரியம் முடிந்த வாரத்தில் எனக்கும் வயிறு ஆரம்பித்தது. நாலு தடவை, ஆறு தடவை, அப்புறம் எட்டு. என் ஸ்கேனில் நுரையீரல் ஏறக்குறைய சுத்தமாகியிருந்தது. உங்கள் பிணத்தைப் பார்த்துவிட்டு வந்தவள், டாக்டரம்மா கேட்டபோது என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லீங்க." என்னை எதால் அடிப்பது?

அப்போதுதான் உங்கள் சம்சாரம், சரோஜா அண்ணி, போன் செய்தார்கள். "அம்மணி, மருந்தை மாத்தி ஏத்தி என்ற ஊட்டுக்காரரைக் கொன்னுபோட்டாங்க. ஆனைமலைக்குப் போயி மொளகா அரைக்கோணும். நீயும் கூட இருந்தவதான, வா."

மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அநியாயம் செய்தவர் நாசமாகட்டும் என்று மிளகாய் அரைத்து அந்தக் கல்லில் பூசுவார்கள். வேண்டுதல் நடந்தால் திரும்பப் போய் எண்ணெய்க் காப்புச் செய்து கல்லைக் குளிரவைக்க வேண்டும். நாசமாக வேண்டிய ஆளே அண்ணிக்குத் துணையாகப் பஸ் ஏறினேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் மட்டும் மூன்று தடவை கழிப்பறைக்கு ஓடினேன்.

கோயிலில் அண்ணி குழவியைப் பிடித்தார்கள், நான் மிளகாயைத் தள்ளிக்கொடுத்தேன். வெடித்த தோலில் மிளகாய் இறங்கியது. கை வெந்தது. எடுக்கவில்லை, வேகட்டும் என்று விட்டேன். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு அரைத்தார்கள். "தாயே, என்ற தாலியை அறுத்தவங்க வயிறு எரியோணும். அவங்க கொடலு அழுகோணும். அந்த டாக்டரம்மா..."

அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. "அண்ணி, டாக்டரம்மா பேரைச் சொல்லாதீங்க" என்றேன். எல்லாவற்றையும் கொட்டினேன். பதினாலு தடவை, ரத்தம், சத்தியம், நான் சொன்ன பொய். "என்ற பேரைச் சொல்லி அரைங்க அண்ணி."

அரைத்த கையாலேயே அறைந்தார்கள். ஒன்றல்ல, எண்ணவில்லை. கண், மூக்கு, வாய் எங்கும் மிளகாய். ஏற்கெனவே உரிந்துகிடந்த முகம். நான் அலறினேன். அண்ணி என்னைவிடச் சத்தமாக அலறினார்கள். "அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரை இழுத்துட்டுப் போயிருப்பனே! ஒரே ஒரு வார்த்தை!" சுற்றி அரைத்துக்கொண்டிருந்தவர்கள் குழவியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பிறகு என் முடியைப் பிடித்து முகத்தைத் தூக்கினார்கள். "பொள்ளாச்சியில எதுக்கு அத்தனை தடவை ஓடுன?"

முந்தானையை இழுத்துக் கண்ணைத் துடைத்தேன்.

"உனக்கும் போகுதா?"

"போகுதுங்க அண்ணி."

"எத்தனை?"

"பரவா..." என்று ஆரம்பித்தேன். இன்னொரு அறை. "எட்டுங்க" என்றேன்.

குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். திட்டிக்கொண்டே கழுவினார்கள், கழுவிக்கொண்டே அழுதார்கள். அப்புறம் என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டுப் போய், அரைத்த மிளகாயை அள்ளிக் கல்லில் பூசிவிட்டு வந்தார்கள். யார் பேரைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஆரு பேரும் இல்ல. உன்ற ஒடம்புக்குள்ள அவுந்து திரியுதே, அந்த நாய்க்குப் பூசியிருக்கறேன். அது அடங்கோணும். எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அன்றைக்கே போனோம். நான் வாயைத் திறக்குமுன் அண்ணி எட்டு என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா என் மருந்தை அந்த நிமிசமே நிறுத்தி, படுக்கையில் போட்டு ஸ்டீராய்டு ஊசி ஏற்றினார். உங்களைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று அண்ணி கேட்டபோது, உங்கள் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மொதல் வாரமே சொல்லியிருந்தா மாத்திரையிலேயே அடக்கிப் பாத்திருக்கலாமுங்க. பொறகு மறுபடியும் மருந்து ஏத்தறதைப் பத்தி யோசிச்சிருக்கலாம்." அண்ணி மேசையில் நெற்றியை முட்டினார்கள். இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது.

வெறும் மாத்திரை அண்ணா! மாத்திரை! இதற்காகவா என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்கள்? சொன்னால் சாவு என்று யார் உங்களுக்குச் சொன்னது? நான் ஏன் அந்தக் கையை உதறவில்லை?

இப்போது வீட்டில் இருக்கிறேன். முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது, கண்ணில் பட்டதை எல்லாம் உடைக்கிறேன். எனக்கு மருந்தை மறுபடி ஏற்றுவார்களா, தெரியாது. நிறுத்தினாலும் சிலருக்கு அது உள்ளே வேலை செய்துகொண்டிருக்குமாம். கட்டி திரும்புமா என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. பயமாக இருக்கிறது அண்ணா. நீங்கள் பயந்த மாதிரியே பயப்படுகிறேன்.

தினமும் காலையில் அண்ணி போன் செய்கிறார்கள். சௌக்கியமா என்று கேட்பதே இல்லை. "எத்தனை?" என்பார்கள். நான் எண்ணிக்கையைச் சொல்வேன். போனை வைத்துவிடுவார்கள். இன்று, ஜாரை உடைத்த கையோடு போனை எடுத்து, இரண்டு என்று சொன்னேன். அண்ணி உடனே வைக்கவில்லை. "எண்ணெய் வாங்கி வெச்சிருக்கறேன்" என்றார்கள்.

அந்தக் கல்லைக் குளிரவைக்க நாங்கள் இரண்டு பேரும் போவோம். அன்றைக்கு உங்களை மன்னிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். அதுவரை என் கோபம் அப்படியே இருக்கட்டும். ஒன்று மட்டும் உறுதி. இனி யார் கேட்டாலும் ஒரு எண்ணைக்கூடக் குறைத்துச் சொல்லமாட்டேன். நீங்கள் சத்தியம் வாங்கின அதே கையில் நானே அடித்துக்கொள்கிறேன். மிளகாய் பட்ட இடம் இன்னும் எரிகிறது.

இப்படிக்கு,
உங்களுக்காகப் பொய் சொன்ன தங்கச்சி,
சாந்தாமணி